ஐ7 மோகத்தில் கரையும் பணம்

கேம் ஆடுவதற்கென்று கம்ப்யூட்டரை மேம்படுத்தப் போகிறேன் என்று வாயெடுத்தால் போதும், "ஐ7 போட்டுடு தம்பி, அதுக்குக் கீழே போனா கேம் ஓடாது" என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். விடுதியில் சீனியர் சொல்கிறார், கடைத்தெருவில் விற்பவர் சொல்கிறார், கம்ப்யூட்டரையே தொடாத சித்தப்பாவும் சொல்கிறார். கையில் சில ஆயிரம் மட்டுமே வைத்திருக்கும் பையன்களை இந்த நம்பிக்கை தொடர்ந்து ஏமாற்றி வருகிறது. ஐ7 என்ற பெயர் வேகத்தை அளந்து சொல்வதே இல்லை. அந்தந்தத் தலைமுறையில் இன்டெல் விற்ற வரிசையில் அந்தச் சிப் எந்தப் படியில் நின்றது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

2011-இல் வந்த ஐ7-2600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4 கோர், 8 த்ரெட், அடிப்படை வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ். 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-இலும் அதே 4 கோர், அதே 8 த்ரெட். அடிப்படை வேகம் 3.3. பெயரை வைத்துப் பார்த்தாலும் ஜிகாஹெர்ட்ஸை வைத்துப் பார்த்தாலும் பழையதுதான் உசத்தி. இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் கார்டைப் போட்டுக் கேமை ஓட்டினால் ஐ3-இன் பக்கத்தில்கூட அந்த ஐ7 வராது. இடையில் கழிந்த பதினோரு ஆண்டுகளில் ஒரே கிளாக் துடிப்பில் ஒரு கோர் முடிக்கும் வேலை அவ்வளவு கூடிவிட்டது. பழையதற்கு டிடிஆர்3 ராம்தான் பொருந்தும். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. இருந்தும் கலர் விளக்கு ஃபேன் நாலைப் பூட்டி, "ஐ7 கேமிங் பிசி" என்று இன்றைக்கும் அதைத் தலையில் கட்டுகிறார்கள். தலைமுறையைச் சொல்லாமல் ஐ7 என்று மட்டும் சொல்லி விற்பதை நான் மோசடி என்றுதான் சொல்வேன்.

லேப்டாப்பில் இன்னும் மோசம். ஐ7-7500யு-வில் இருப்பது வெறும் 2 கோர்.

ஏஎம்டி பக்கம் போனால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ரைசன் 7 5700-இல் 8 கோர், ரைசன் 5 5600-இல் 6 கோர். எண்ணைப் பார்ப்பவர் 5700-ஐத்தான் வாங்குவார். ஆனால் அதன் எல்3 கேஷ் 16 எம்பி. 5600-க்கு 32 எம்பி. பெரும்பாலான கேம்களில் விலை குறைந்த 5600-தான் முந்துகிறது. கேம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவை கேஷில் கிடைக்காவிட்டால் ராம் வரை போய்த்தான் எடுத்துவர வேண்டும். அதுவரை கோர் சும்மா காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் கோர் ஆறாக இருந்தால் என்ன, எட்டாக இருந்தால் என்ன? 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இதைச் சந்தேகமில்லாமல் காட்டியது. 5800எக்ஸ்-ஐவிட அதன் உச்ச வேகம் குறைவு, கோர் அதே எட்டு. கேஷ் மட்டும் 96 எம்பி. கேமில் அண்ணனை அது எளிதாகத் தாண்டிப் போனது.

"இப்பவே பெருசா வாங்கிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை" என்பார்கள். இதற்கு ஏஎம்4 சாக்கெட்டின் கதையே பதில். 2017-இல் பி350 மதர்போர்டும் 6 கோர் ரைசன் 5 1600-உம் வாங்கியவர், போர்டு நிறுவனம் பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால், அதே போர்டில் 5600-ஐயோ 5800எக்ஸ்3டி-யையோ உட்கார வைக்கலாம். 300 வரிசை போர்டுகளுக்கு முதலில் மறுத்துவந்த ஏஎம்டி 2022-இல் வழிவிட்டது. அன்றைக்கு ரைசன் 7 1800எக்ஸ் வாங்கக் கூடுதலாகக் கொட்டியவரின் சிப், கேமில் இந்த 5600-க்குப் பின்னால்தான் நிற்கிறது. பட்ஜெட்காரருக்கு இதுதான் உண்மையான வழி: தேவையானதை வாங்கு, மிச்சத்தை வைத்துக்கொள், சிப்பை மட்டும் பிறகு மாற்று. போர்டின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பழைய சிப் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் திரை கருப்பாகவே இருக்கும்.

இத்தனைக்கும் முன்னால், குற்றம் பிராசஸருடையதுதானா என்று யாராவது பார்க்கிறார்களா? பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். கேமின் ரெசொல்யூஷனை நன்றாகக் குறைத்து ஓட்டுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறினால் இதுவரை திணறியது கிராபிக்ஸ் கார்டு. எந்த ஐ7-உம் அதைக் காப்பாற்றாது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர் பக்கம் பாருங்கள். அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஒற்றை 8 ஜிபி ராமோடு நிற்கிறதா, பயாஸில் எக்ஸ்எம்பி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். 3200-க்கான ராம் 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் நம் வீடுகளில் ஏராளம். எக்ஸ்எம்பியைப் போட்டுவிடப் பைசா செலவில்லை, அதனால்தான் அதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை.