பட்டு வாங்கியாச்சு, அப்புறம்?

கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள், கடையை விட்டு வெளியே வந்ததும் கேட்கிறார்கள்: "இங்கே பார்க்க வேறென்ன இருக்கு?" நாமும் "ஒண்ணுமில்லீங்க" என்று பஸ் ஏற்றி அனுப்பி விடுகிறோம். சுத்தப் பொய்!

போளூர் பக்கம் திருமலைக்குப் போய்ப் பாருங்கள். ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவை பெயரில் சமணக் கோவில். பாறையில் செதுக்கிய நேமிநாதர், 16 அடி உயரம்! கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் கல்வெட்டும் அங்கே உண்டு.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி. மழை பெய்தால்தான் கொட்டும். கோடையில் போய் ஏமாந்துவிட்டு நம்மைத் திட்டக்கூடாது.

வயிறு எரிவது பூசிமலைக்குப்பத்தில்தான். ஆரணி ஜாகிர்தார் காட்டுக்குள் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கிறது. காதலுக்காகக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை. இப்போதைய காதலர்கள் அதன் சுவரில் பெயரைக் கிறுக்கிவிட்டு வருகிறார்கள்!

மிச்சமிருக்கும் சுவரையாவது அரசு காப்பாற்ற வேண்டும். ஆரணி பஸ் நிலையத்தில் வழியும் தூரமும் எழுதி ஒரு போர்டு வைக்கட்டும். ஒரு நல்ல பட்டுச்சேலை விலைகூட ஆகாது. ஞாயிறு தோறும் இந்த மூன்று இடத்துக்கும் ஒரு பஸ் விட்டால் கூட்டம் தானாக வரும்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாறை வழுக்கும். பாட்டிலோடு போகாதீர்கள். பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிடுங்கள்.