ஓசையின்றி வரும் கண் கள்வன்!

தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. 'கிளாகோமா' என்னும் கண் நீர் அழுத்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர், அது தங்களுக்கு இருப்பதையே அறியவில்லை!

காரணம் என்ன? பெரும்பாலும் வலி இராது. ஓரத்திலிருந்து பார்வை மெல்ல மெல்லப் பறிபோகும்.

கண்ணின் அழுத்தத்தை அளந்தால் போதாதா? போதாது. அழுத்தம் சரியாக இருந்தும் பலருக்குப் பார்வை நரம்பு கெடுகிறது. ஆகவே, டாக்டர்கள் நரம்பையே படம் பிடிக்கிறார்கள்.

1991-ல் அறிவிக்கப்பட்ட 'ஓ.சி.டி.' முறை, ஒளியைச் செலுத்தி நரம்பு இழைப் படலத்தின் கனத்தை அளக்கிறது. ஊசி கிடையாது. சில நிமிடங்களே ஆகும். பார்வை குறைவதை நோயாளி உணருமுன்பே, நரம்பு தேய்வதைப் பலருக்குப் படம் காட்டிவிடும்.

போன பார்வை திரும்பாது. இருக்கும் பார்வையைச் சொட்டு மருந்தால் காக்கலாம். 40 வயது ஆனவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது, "நரம்பையும் பாருங்கள், டாக்டர்!" என்று கேட்க வேண்டும்.