நோய்க்கும் பெயருண்டு

மாணவர்களே, புற்றுநோய் என்னும் சொல்லை வீட்டிற்குள் உரக்கச் சொல்லப் பலரும் அஞ்சுகின்றனர்; 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். மூளையில் கட்டி என்று கேள்விப்பட்டாலோ, இனிச் செய்வதற்கு எதுவுமில்லை என்று தாமே தீர்ப்பெழுதிவிடுகின்றனர். நோயைப் பெயரிட்டுப் பேசாமையே சிகிச்சைக்கு முதல் தடை என்பது என் கருத்து.

மூளையில் தோன்றும் கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல. மூளையைப் போர்த்தியுள்ள உறையில் உண்டாகும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுத்தன்மை அற்றது. கிளையோபிளாஸ்டோமா கொடியது, சிகிச்சையால் வாழ்நாள் நீளலாம், முற்றிலும் குணமாதல் அரிது. சிறுவர்களின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவும் புற்றுநோய்தான். ஆயினும் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றால் அதிலிருந்து மீண்டோர் பலர். எம்.ஆர்.ஐ. படமும் திசுச் சோதனையும் இன்றி இவற்றை வேறுபடுத்தி அறிய இயலாது. அண்டை வீட்டாரின் ஊகம் அதற்கு உதவாது.

தலைவலி எல்லார்க்கும் வருவதே; பெரும்பாலும் அதற்குக் காரணம் வேறாகவே இருக்கும். எனினும் நாளுக்கு நாள் மிகும் தலைவலி, காலையில் அதனோடு சேர்ந்து வரும் வாந்தி, முன்பில்லாத வலிப்பு, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், ஒருபக்கக் கைகால் தளர்தல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை.

மூளைக்கு வலியை உணரும் தன்மை இல்லை. ஆதலால், பேச்சுக்குரிய பகுதியின் அருகே கட்டி இருப்பின், நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே அறுவை செய்வதுண்டு. இருமொழி அறிந்தவரிடம் இரு மொழிகளிலும் பேச்சைச் சோதிப்பர். ஏனெனில் ஒரு மொழிக்குரிய இடம் மற்றதற்குரியதோடு முழுவதும் ஒத்திராமல் இருக்கக்கூடும். தாய்மொழி நாவில் மட்டும் இருப்பதன்று!

மும்பையில் 1941-இல் தொடங்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகின்றனர். உங்கள் ஊரிலிருந்து பாட்டியோ பெரியப்பாவோ இத்தகைய பெருநகர மருத்துவமனைக்கு வந்தால், இந்தி அறியாத அவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நோயின் முடிவைச் சொல்லும் சுமை உங்களுக்குரியதன்று. அது மருத்துவரும் பெரியவர்களும் ஏற்கவேண்டியது. ஆனால் அறிகுறியைப் பிழையின்றி எடுத்துச் சொல்ல உங்களால் இயலும். 'மயக்கம் வந்தது' என்று பாட்டி சொன்னால் உடனே மொழிபெயர்த்துவிடாதீர்கள். தலை சுற்றியதா, நினைவு தப்பியதா, கைகால் வெட்டி இழுத்ததா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். மருத்துவருக்கு இம்மூன்றும் வெவ்வேறு செய்திகள்.