இறக்கம் என்பது மெதுவாக விழுவதுதான்



தரம் 10 விஞ்ஞானத்தில் விசை, ஆர்முடுகல், உராய்வு, சக்தி எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் சூத்திரத்தைப் பாடமாக்கி ஓ.எல். எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வினாத்தாளில் கட்டடத்து உச்சியிலிருந்து கல் விழும். எங்கள் ஊரில் விழுவது வாகனம்.

2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் கொழும்பு மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 இல் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் றம்பொடை கெரண்டி எல்லயில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் மலையிறங்கும் எல்லா வாகனத்துக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. அது வீட்டுக்கு வீடு தெரிய வேண்டும்.

கலிலியோ 400 வருடங்களுக்கு முன் விழும் பொருளைப் படிக்க நினைத்தார். அது மிக வேகமாக விழுந்ததால் சரிவான பலகையில் குண்டை உருட்டிப் பார்த்தார். இறக்கம் என்பது மெதுவாக விழுவதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தடுப்பதற்கு எதுவும் இல்லாவிட்டால், வெறும் 10 மீற்றர் உயரம் இறங்கியதுமே வேகம் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தொடும். ஆள் நிறைந்த பஸ்ஸுக்கும் வெறும் ஆட்டோவுக்கும் அதே வேகம்தான். "பாரமான வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்" என்ற பேச்சில் உண்மை இல்லை. பாரம் கூடக் கூட நிறுத்துவதற்கு வேண்டிய விசைதான் கூடும்.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வரும்போது 1300 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். பஸ் 10 தொன் என்று வையுங்கள். திணிவு, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 13 கோடி யூல். இரண்டு பீப்பாய் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். சின்ன கியரில் வந்தால் எஞ்சின் பெரும்பங்கை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் லைனர் தலையில். சூடு ஏறினால் லைனரின் உராய்வு குறையும், மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினையும் ஓஃப் பண்ணினால், வேன், பஸ்களில் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

ஆனால் இங்கே நடப்பது என்ன? எண்ணெய் மிச்சம் என்று தோட்டத்துப் பாதையில் ஆட்டோவை நியூட்ரலில் விடுவதைக் கெட்டித்தனமாக நினைக்கிறோம். உள்ளே நான்கு ஸ்கூல் பிள்ளைகள். மிச்சமாவது சில ரூபாய்.

சாரதி சகோதரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எண்ணெய் விலையும் தெரியும், லீசிங் கட்டுகிற கஷ்டமும் தெரியும். ஆனாலும் ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்ற பழைய சாரதிமாரின் பழக்கம் முழுக்க முழுக்க விஞ்ஞானம். கருகிய மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

பெற்றோரே, பிள்ளை போகும் வண்டியின் சாரதியிடம் "தம்பி, நியூட்ரலில் விடாதீங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பள்ளி, கோயில் நிர்வாகத்தினர் பயணத்துக்கு பஸ் பிடிக்கும்போது வாடகையோடு சேர்த்து, சாரதிக்கு மலைப்பாதை ஓடிப் பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். சிவனொளிபாத மலை சீசனில் வெளியூர் பஸ்கள் நிறைய வரும். அவர்களுக்கு வழி சொல்லும் நாம் கியரையும் சொல்லலாம்.

சக ஆசிரியர்களே, ஒரு பலகையும் இரண்டு குண்டும் போதும், இந்தப் பாடத்தை நடத்த. அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை இதே ரோட்டில் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர்கள்.

விபத்து நடந்தபின் கத்ர் என்கிறோம், தலைவிதி என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பது நமக்குத் தெரியும். எங்கள் மலையில் அந்தக் கயிறு, இரண்டாம் கியர்.

உங்கள் ஊர் சாரதிமாருக்கும் இதைப் பகிருங்கள்.