ஆறுக்குப் பூச்சியம்

உச்சமுனைக்குச் செல்வோர் கற்பிட்டியில் படகேறுதல் வேண்டும். சென்ற மாதம் அங்கு ஒருநாள் தங்க நேர்ந்தது. மாலையில் மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் பழைய ஆட்டக் காட்சி ஒன்றைக் காட்டி, "ஐயா, தலைக்கவசம் அணிந்து முட்டிக்கொள்கிறார்களே, இது நம்முடைய கொழும்பிலா நடந்தது?" என்று வினவினான்.

ஆம், கொழும்பிலேதான். வாசகர்களிற் பலரும் மறந்திருப்பார்கள், அறியாதோரும் உளர். எலீட் புட்போல் லீக் ஒவ் இந்தியா என்னும் பெயரில், அமெரிக்கக் காற்பந்தை இப்பகுதியிற் தொழில்முறை ஆட்டமாக நிலைநாட்டப்போவதாக 2011ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். மைக் டிட்கா, கேர்ட் வோர்னர் போன்ற புகழ்பெற்ற அமெரிக்கர்களும், இந்திய வழித்தோன்றலாகிய பிரண்டன் சில்லரும் அதற்குத் துணைநின்றனர். 2012இல் முதற் பருவம் நடைபெற்றது. புனே, டில்லி, மும்பாய், கொழும்பு முதலிய நகரங்களின் பெயரால் எட்டு அணிகள். ஆட்டங்கள் பல நம் சுகததாச விளையாட்டரங்கிலே ஆடப்பட்டன. படம்பிடித்து வைத்துப் பின்னரே தொலைக்காட்சியிற் காட்டினார்கள். நம்மவர் அணிக்குக் கொழும்பு லயன்ஸ் என்று பெயர்.

காற்பந்து என்று பெயரிருப்பினும் காலுக்கு அதில் வேலை குறைவு. நூறு யார் நீள மைதானத்தில் குறுக்குக் கோடுகள் வரிவரியாக இடப்பட்டிருக்கும். நம் கிளித்தட்டை நினைவூட்டும் தோற்றம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேற வேண்டும். இயலாவிடின் பந்து எதிரிக்குப் போய்விடும். எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி.

அப்பருவத்தின் இறுதியாட்டத்தில் புனே மராத்தாஸ் டில்லி டிபென்டர்ஸை வென்றது. புள்ளிக்கணக்கு ஆறுக்குப் பூச்சியம்! அமெரிக்காவிலோ ஓரணியே இருபதைத் தாண்டுவது வழக்கம். இதைக் கேட்டுச் சிரித்தவர்களை நான் அறிவேன். என் மனம் அவர்களோடு சேரவில்லை.

உச்சமுனையிலிருந்து பார்த்தால் காரணம் தெளிவாகும். கரைவலை இழுப்பதைக் கண்டிருப்பீர்கள். புதிதாக வந்த ஒருவன் காலையிற் கயிற்றைப் பிடித்தால், உடல்வலி பொறுத்து மாலைக்குள் மற்றவரோடு ஒத்து இழுத்துவிடுவான். வீச்சுவலை அப்படியன்று. தோளிலும் முழங்கையிலும் மடித்துப்போட்டு, உடலைத் திருப்பி எறிந்து, நீரில் வட்டமாக விழச் செய்வதற்கு ஆண்டுகள் செல்லும்.

அந்த ஆட்டமும் இவ்விரண்டும் சேர்ந்ததுதான். எதிரியைத் தடுத்து வீழ்த்துதல் கரைவலை. றக்பி ஆடியவனும் கபடி ஆடியவனும் சில மாதங்களிற் பழகிக்கொள்வான். ஓடுகின்ற தோழனின் கைக்கு நீள்வட்டப் பந்தைச் சுழற்றி முன்னே எறிதல் வீச்சுவலை. றக்பியிலோ முன்னே எறிவது குற்றம்! இளமை முதல் பின்னோக்கியே எறிந்து பழகிய கை, ஒரே பருவத்தில் எப்படித் திரும்பும்? தடுப்பவர் தேறிவிட்டனர், எறிபவர் தேறவில்லை. ஆகவே புள்ளி சுருங்கிற்று. ஆட்டக்காரரிற் பெரும்பாலோர் அதற்குச் சிறிது காலம் முன்புவரை அப்பந்தைத் தொட்டும் அறியாதவர். அவர்களுடைய உழைப்பிற் பொய்யில்லை. பிள்ளைகள் மணலிற் கோடு கீறி விளையாடத் தொடங்குமுன்பே தொலைக்காட்சிக்கு அணி கட்டியவர்களின் அவசரத்தைத்தான் குறை கூறவேண்டும். ஈராண்டு பள்ளிகளுக்குப் பந்தும் பயிற்றுநரும் அனுப்பியிருந்தால் கணக்கு வேறாயிருக்கும் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் கேட்ட மாணவன், "அப்படியானால் டில்லிக்காரர் ஒரு புள்ளியும் விடாமற் காத்திருந்தால் ஆட்டம் முடிந்தே இராதே" என்றான். கெட்டிக்காரன்! மேலதிக நேரத்தைப் பற்றி நான் விளக்கத் தொடங்குமுன் தகப்பனார் களப்பிலிருந்து கூப்பிட்டுவிட்டார். அன்று வலை வீசியவன் அவனே. இன்னும் வட்டமாக விரியவில்லை என்று வெட்கத்துடன் கூறி, மடியை அவிழ்த்துக் காட்டினான். இரண்டு மணலைகள் துள்ளின.