அண்டைப் பள்ளி எவ்வளவு தூரம்?

கண்ணொளியற்ற பிள்ளைகளுக்கு நம் தேசத்தின் முதற் பாடசாலை 1887-ம் ஆண்டு அமிர்தசரஸில் மிஷனெரியான ஆனி ஷார்ப் அம்மையாரால் நிறுவப்பெற்றது. 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் அவ்வாறே செய்தார். அப்பத்தாண்டிலேயே அவ்வூரில் பிளாரன்ஸ் ஸ்வேன்சன் அம்மையார் செவிகேளாப் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டார். அவர்தம் தொண்டினை யாம் போற்றுகின்றோம். ஆயினும், இத்தகையவை பெரும்பாலும் விடுதிப் பள்ளிகளாதலின், கல்வி வேண்டிற் பெற்ற தாயைப் பிரிதல் வேண்டும் என்னும் நிபந்தனையும் உடன் வேரூன்றிற்று.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனைத் தளர்த்திற்று. 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைகள், 6 முதல் 18 பிராயம் வரை, அண்டைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்க் கற்கலாம். மிக நன்று. ஆனால் நம் வடசென்னையில், இராயபுரம் முதல் எண்ணூர் வரை, அண்டை என்பது யாது? துறைமுகத்திற்குக் கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலைக்கு அப்பால் உள்ள பள்ளி, அளந்து பார்க்கின் அரைப் பர்லாங்கே இருக்கலாம். லாரியின் ஹாரன் கேளாப் பிள்ளைக்கோ அது பாளையங்கோட்டையினும் தூரம். பள்ளி வாயிலிற் சாய்தளம் அமைத்துப் பெருமை கொள்வோர், வாயில் வரை பிள்ளை வந்து சேரும் வகையை வினவுகின்றாரில்லை. அழைத்து வர வாகனமும், உள்ளே சைகைமொழி அறிந்த ஆசிரியரும் அமையுமட்டும், சிறப்புப் பள்ளிகளுக்குரிய மானியத்தில் ஒரு காசும் குறைத்தலாகாது என்பது எம் துணிபு.