படத்தில் இல்லாத படிக்கட்டு

மதுரை கே.கே. நகரில் என் அத்தை குடியிருக்கும் ஹவுசிங் போர்டு மாடி வீட்டுக்கு ஏறும்போதெல்லாம் முதல் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். அங்கே சுவருக்குப் பதில் சிமெண்ட் ஜாலி. சித்திரை வெயிலில் தெருத் தார் இளகிக் கிடந்தாலும் அந்தத் திருப்பத்தில் காற்று நுழைந்து படியேறும். காலையில் சுவரில் கட்டம் கட்டமாக விழும் நிழல், வெயில் ஏற ஏறப் படிக்கு இறங்கிவிடும். கரண்ட் போனால் நாலு வீட்டுக்காரர்களும் விசிறியோடு வந்து உட்காருவது அங்கேதான். அத்தை முருங்கைக்கீரை ஆய்வதும் அங்கேதான்.

சென்ற கோடையில் அந்த பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டினால் எப்படியிருக்கும் என்று செயற்கை நுண்ணறிவு போட்டுக்கொடுத்த படம். பதினாலு மாடி, தரையிலிருந்து உச்சி வரை நீலக் கண்ணாடி, வாசலில் நீரூற்று, எங்கிருந்தோ வந்த பனைமரங்கள். ஒரு கொடியில்கூடத் துணி இல்லை. படிக்கட்டு இல்லை. மனிதர்கள் என்று நாலைந்து பேர் தெரிந்தார்கள், அவர்களில் ஒருவர்கூட அந்த பிளாக்கில் இருக்கிறவர் மாதிரி இல்லை. கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. ‘இந்த டப்பாவுக்கு எப்ப விடிவுகாலம்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

டப்பா. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஹவுசிங் போர்டு கட்டடத்தில் கலையும் கிடையாது, யோசனையும் கிடையாது, காசில்லாத காலத்தில் ஏதோ அடுக்கிவைத்தார்கள், இடித்தால்தான் ஊர் முன்னேறும் என்று கட்சி பேதமில்லாமல் எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. கட்டடத்தோடு போகிற தவறும் இல்லை இது, அதில் இருப்பவர்களையும் சேர்த்துக் கிளப்பிவிடும்.

1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தைப் போட்டது. வீடு கட்டித் தருவது அரசின் கடமை என்ற எண்ணம் வலுத்த காலம் அது. 1961இல் வீட்டுவசதி வாரியம் வந்தது, 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. சிமெண்ட் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த காலம், மூட்டைக்குக் காத்திருக்க வேண்டும். ஏ.சி. சாதாரணக் குடும்பத்தின் கனவிலும் கிடையாது. அந்த நெருக்கடிக்குள் உட்கார்ந்து ஒரு பொறியாளர் வரைந்ததைத்தான் இன்று டப்பா என்கிறோம். ஜன்னல் தலைக்கு மேல் சன்ஷேடு நீட்டியது உச்சிவெயில் உள்ளே வராமல் இருக்க. ஜாலி வைத்தது, கம்பியும் கண்ணாடியும் இல்லாமலே வெளிச்சமும் காற்றும் கிடைக்க. வருமானத்தைப் பார்த்து எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று பிரித்தாலும் ஒரே நகரில் பக்கம் பக்கமாகக் குமாஸ்தாவும் ஆபீசரும் குடியிருக்க மனை போட்டார்கள். இன்று எந்த பில்டர் அப்படிப் போடுகிறார்?

வறுமை ஒரு கட்டடத்தை எவ்வளவு அழகாக்க முடியும் என்பதற்கு டெல்லி பிரகதி மைதானத்தில் சாட்சி இருந்தது. 1972இல் ராஜ் ரேவால் வடிவமைத்து மகேந்திர ராஜ் பொறியியல் கணக்கிட்ட ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’. உலகமெங்கும் இரும்புக் குழாயில் கோக்கும் கூட்டை இங்கே கான்கிரீட்டிலேயே வார்த்தார்கள். நமக்குக் கட்டுப்படியாகும் பொருளும் தொழிலாளர் கைகளும் அதில்தான் இருந்தன. 2017 ஏப்ரலில் அதை ராத்திரியில் இடித்தார்கள். பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றது அதற்கான குழு. நாற்பத்தைந்து வயதில் செத்துப்போனது அது. அறுபது ஆகும்வரை ஒன்றையும் விட்டுவைக்காத ஊரில் எது பாரம்பரியமாகும்?

மதுரைக்கு வருகிறேன். 1981 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த மாட்டுத்தாவணி நக்கீரர் தோரண வாயிலைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்ற உத்தரவின்படி 2025 பிப்ரவரியில் இடித்தார்கள். இடிக்கும்போது தூண் சரிந்து பொக்லைன் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். சாலைக்கு இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அளந்து, எல்லாப் பக்கமும் படமெடுத்து, கட்டிய கொத்தனார்களில் யாராவது இருக்கிறாரா என்று தேடிக் கேட்டு வைப்போம் என்ற பேச்சு என் காதில் விழவேயில்லை. அதே 1981இல் பல்கேரியாவில் புஸ்லுட்ஜா மலைமேல் கம்யூனிஸ்ட் ஆட்சி கட்டித் திறந்த மாளிகை பிறகு பாழடைந்து கிடந்தது. அந்த ஆட்சியை வெறுக்கிறவர்கள் இருக்கும் நாடுதான் அது. ஆனாலும் அங்கே இளம் கட்டடக் கலைஞர்கள் கூடி, வெளிநாட்டு நிதி திரட்டி, உள்ளே உதிரும் மொசைக் சித்திரங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரிய பிளாக் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர் பிழைத்தார்கள். கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து தலையில் விழும் வீட்டில் இருந்துபார் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. ஆனால் இடிப்பதா, தேற்றுவதா என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் பொறியாளர். நாற்பது வருஷம் வெள்ளையடிக்காமல், மொட்டை மாடியில் தட்டோடு மாற்றாமல், ஒழுகும் குழாயைச் சுவருக்குள்ளேயே விட்டுவைத்துவிட்டு, கட்டடம் அசிங்கம் என்பது நியாயமே இல்லை.

பிரான்சின் போர்தோவில் கிராண்ட் பார்க் என்ற இடத்தில் 1960களின் அரசுக் குடியிருப்பு, மொத்தம் 530 வீடுகள். லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும் வேறு இரு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து அதை இடிக்காமல், முன்பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் அகலமான தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்தார்கள். வேலை நடக்கும்போதும் குடியிருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2021இல் லகாத்தோனுக்கும் வசாலுக்கும் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது. குடியிருப்பவரைக் கிளப்பாமலே டப்பா திறந்து கொடுத்தது.

அந்த வாட்ஸ்அப் படத்துக்குத் திரும்புவோம். இந்த எந்திரங்கள் இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் குறிப்புகளையும் பார்த்துப் பழகியவை. அங்கே கண்ணாடிக் கோபுரத்துக்கு லட்சம் படம் இருக்கும், அழகு, நவீனம் என்ற சொற்களோடு. ஹவுசிங் போர்டு படிக்கட்டை யார் படமெடுத்துப் போட்டார்கள்? எடுத்தாலும் ‘பாழடைந்தது’ என்ற குறிப்போடுதான் இருக்கும். அழகாகப் போடு என்றால் எந்திரம் தனக்குத் தெரிந்த அழகைப் போடுகிறது. மதுரை வெயிலில் அந்தக் கண்ணாடி எவ்வளவு காயும், அதைக் குளிர்விக்க மாதம் எவ்வளவு கரண்ட் பில் வரும், நீரூற்றுக்கு வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

ஆபத்து வேறொன்று. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இன்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அந்தச் சம்மதத்தை வாங்க மேஜையில் விரிப்பது இந்த மாதிரிப் படத்தைத்தான். நிலத்தில் நம் பிரிபடாத பங்கான யூ.டி.எஸ். எவ்வளவு, வெளியே இருக்கும் மாதங்களுக்கு வாடகை யார் தருவது, மாதப் பராமரிப்பு எத்தனை ஆயிரம், இதெல்லாம் படத்தில் தெரியாது. வாடகைக்கு இருப்பவரிடம் கையெழுத்தும் கேட்கப்போவதில்லை.

சுவரில் சித்திரம் எழுதினால் போதும் என்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. குடிசைகளிலிருந்து கிளப்பியவர்களைக் குடியமர்த்திய சென்னை கண்ணகி நகரில் பெரிய பெரிய சுவரோவியங்கள் வந்தன. அந்தப் பேரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் பார்க்கப் போனார்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் குடம் தூக்குகிறவள் முதலில் என்ன கேட்டிருப்பாள்?

அதனால் வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்ப்போம் என்று நானும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் அத்தை பிளாக்கில் இறங்கினோம். கைபேசியில் ஒவ்வொரு மூலையையும் நூற்றுக்கணக்கில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து முப்பரிமாணமாக்கினோம். இதற்கு எந்திரம் அருமையாக உதவியது. பிறகு ஆளுக்கு ஆள் சொன்னதைச் சொன்ன மாதிரியே அதில் வரையச் செய்தோம். மூன்றாம் மாடிப் பெரியவருக்குக் கைப்பிடியும், நடுத் திருப்பத்தில் மூச்சு வாங்க ஒரு திண்ணையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் நிழல். ஒரு வீட்டில் மட்டும் லிஃப்ட் கேட்டார்கள், அதுவும் வெளிப்பக்கமாக. கண்ணாடி வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அத்தையிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எல்லாம் சரித்தான். இந்தா, முதத் திருப்பத்துல ஜாலியை எதுக்குய்யா அடைச்ச?”

பார்த்தேன். எந்திரம் தானாகவே அங்கே வழுவழுவென்று ஒரு சுவரை எழுப்பியிருந்தது. அன்று சாயங்காலமே அதை எடுத்தோம்.